ஆகாயத்தில் போன அவியல்

வடசேரி சிவதாணுபிள்ளைக்கு இந்த உலகத்தில் அருவருப்பில்லாத இடம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவனின் வியர்வை. காப்பிக்கடைக்குப் போனால் கழுவாமல் முக்கியெடுத்த கண்ணாடித் தம்ளர். கோயிலுக்குப் போனால் தூணில் எவனோ துடைத்துவிட்டுப் போன எண்ணெய்க்கை. சொந்த வீட்டிலும் பெண்டாட்டி ஆறவைத்த கஞ்சியில் ஈ உட்கார்ந்ததா என்று விசாரிப்பார். அவள் இல்லை என்று சத்தியம் பண்ணினாலும் நம்பாமல் தானே அடுப்பு மூட்டி வேறு கஞ்சி வைத்துக் குடிப்பார். அந்த அம்மாள் பாவம், பல வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீரே வச்சு நீரே குடியும்" என்று அடுப்பங்கரையை அவருக்கே விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த தொழிலோ கல்யாணச் சமையல். ஆயிரம் பேர் கூடி, ஆயிரம் பேரும் எச்சில் கையை உதறிவிட்டுப் போகிற இடம். சமையல் பந்தலான ஆக்குப்புரைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். மூக்கைச் சிந்திய கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தேங்காய் திருவ உட்கார்ந்தவனை, பந்திக்கு நேரமாகிறதே என்றுகூடப் பாராமல் விரட்டியடித்திருக்கிறார். "சீ, போல அங்கன! உன் கையப் பாத்தாலே எனக்கு ஓங்கரிக்கி" என்பார். ஒரு தடவை ஒழுகினசேரியில் ஒரு கல்யாணத்தில் சாம்பாருக்குள் ஒற்றைத் தலைமுடி கிடந்தது என்று குட்டுவம் என்கிற பெரிய பாத்திரத்தோடு கவிழ்த்து வாய்க்காலில் விட்டார். பெண் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சிவதாணுபிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் பருப்பை உலையில் போட்டார்.

இத்தனை கோணங்கித்தனத்தையும் நாஞ்சில் நாடு பொறுத்துக்கொண்டது அவர் அவியலுக்காக. சேனையும் வாழைக்காயும் முருங்கைக்காயும் தனித்தனியாக நின்று, ஒன்றில் ஒன்று குழையாமல், அரைத்த தேங்காயைப் பூசிக்கொண்டு இலையில் உட்காருகிற அழகு வேறு யார் கைக்கும் வராது. மேலே பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு அவர் ஒரு புரட்டுப் புரட்டினால், தெருக்கோடியில் நிற்கிறவனுக்கும் பசிக்கும். அவியல் உருளியை மட்டும் அவர் மூடவே விடமாட்டார். "தேங்கா அரைச்சு விட்ட சாமானம். மூடினா வேர்க்கும், வேர்த்தா ஊசும்" என்பார்.

அவர் ருசி பார்ப்பதும் கிடையாது. அது அவர் ஒருவருடைய பிடிவாதமில்லை, அந்த ஊர்ச் சமையல்காரர்களின் வழக்கம். முதல் பந்தி சாப்பிட்டு எழுந்திருக்கும் முன் சமையல்காரன் நாக்கில் ஒரு பருக்கை படக்கூடாது. உப்பா, புளியா, காரமா, எல்லாம் மூக்குக்குத்தான் தெரிய வேண்டும். சிவதாணுபிள்ளையின் மூக்குக்குத் தெரிந்தது.

கோட்டாற்றில் அரிசி வியாபாரம் செய்த நாராயணபெருமாளுக்குச் சிவதாணுபிள்ளை மச்சினன் முறை. பெரிய நெருக்கமில்லை, பெண்டாட்டி வழியில் எங்கேயோ சுற்றி வருகிற சொந்தம். ஆனால் நாராயணபெருமாளின் ஒரே மகள் சொர்ணம் 'மாமா, மாமா' என்று அவரிடம் உயிராக இருப்பாள். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தியில் அவர் வருகிற வரிசை பார்த்து உட்காருவாள். ஒரு வாய் அவியலைத் தின்றுவிட்டு, "மாமா, இன்னைக்கு மாங்கா ஒரு கீத்து கூடிப்போச்சு" என்பாள். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேறு யாராவது சொல்லியிருந்தால் அகப்பைக்காம்பால் போட்டிருப்பார். அவளிடம் மட்டும், "ஆமாட்டி மக்கா, கூடிப்போச்சு" என்று ஒத்துக்கொள்வார்.

அந்தச் சொர்ணத்துக்கு மெட்ராசில் மாப்பிள்ளை அமைந்தது. ஐம்பத்து நாலாம் வருஷம். மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே பெரிய உத்தியோகம். பெண் பார்க்க வந்த அன்றே அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா உங்க ஊர் இருக்கே, அப்பப்பா! பஸ், அப்புறம் ரயில், ராத்திரி பகலா உக்காந்து உடம்பெல்லாம் கரியாயிட்டுது. கல்யாணத்துக்கு எங்க ஜனங்க ஒருத்தரும் இந்தக் காட்டுக்கு வரமாட்டாங்க. மெட்ராஸ்லயே வச்சுக்குங்க."

காடு என்று சொல்லிவிட்டானே! நாராயணபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. வயலும் தெப்பக்குளமுமாய்க் கிடக்கிற நாஞ்சில் நாட்டைப் பார்த்துக் காடு என்கிறானே, இவன் கண்ணில் என்ன விழுந்து கிடக்கிறது என்று பொருமினார். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர். கல்யாணம் மெட்ராசில்தான் என்று முடிவாயிற்று. அதன் பிறகுதான், திருவனந்தபுரத்திலிருந்து மெட்ராசுக்கு ஆகாய விமானம் மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறது என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். பிடித்துக்கொண்டார் மனுஷன். கடைக்கு அரிசி வாங்க வருகிறவனிடமெல்லாம் அதே பேச்சு.

ஒருநாள் சிவதாணுபிள்ளையையும் கூப்பிட்டனுப்பினார்.

"வே சிவதாணு, இங்கேருந்து மெட்ராசு எவ்வளவு தூரம்ணு நினைக்கேரு?"

"எனக்கென்னத்துக்கு அத்தான் அந்தக் கணக்கு? ஒரு பகலும் ஒரு ராத்திரியும், கண்டவன் துப்பினதுக்கு நடுவுல உக்காந்து போகணும். அவ்வளவுதான் தெரியும்."

"மூணே மூணு மணிக்கூர்! பிளேன்ல நானூறு மைலு, மூணு மணிக்கூர். நீரு இங்க வடசேரியில அவியல வைக்கேரு. காலம்பற பிளேன்ல ஏறுகேரு. மத்தியானம் மெட்ராசுல பந்தியில விளம்புகேரு. ஆவி பறக்கணும்வே. நம்ம ஊரு தூரமா பக்கமான்னு அந்தச் சம்பந்தக்காரன் வாயால சொல்லட்டும்."

சிவதாணுபிள்ளை வாயைத் திறந்தார். மற்ற கறிகளை அங்கேயே போய் வைக்கலாம், அவியலையும் அங்கேயே வைத்தால் என்ன குறைச்சல் என்று கேட்க நினைத்தார். அதற்குள் நாராயணபெருமாள் மெதுவாக, "உமக்குப் பயமா இருந்தா சொல்லும். பறக்கை ஊர்ல சமையல்காரன் ஒருத்தன் இருக்கான். அவன் வரேன்னு நிக்கான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். பறக்கைக்காரன் அவியலா! அது மாட்டுக்கு வைக்கிற கலவை அல்லவா! சொர்ணம் கல்யாணத்தில் அதை விளம்புவதா? இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பிளேனில் ஏற வேண்டும் என்று சிவதாணுபிள்ளைக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. ஊரில் ஒரு சமையல்காரனும் ஏறாத பிளேன். "நான் வாறேன் அத்தான்" என்றுவிட்டார். மூன்று மணிக்கூர்தானே. காலையில் வைத்த அவியல் மத்தியானம்வரை தாங்காதா? அதிலும், சூடு ஆறக்கூடாது என்று நாராயணபெருமாள் சொன்னதற்காக, ஆயுசில் செய்யாத காரியத்தைச் செய்யவும் தலையாட்டிவிட்டார். அவியலை மூட ஒத்துக்கொண்டார்.

இசக்கி என்று அவருக்கு வலதுகை மாதிரி ஓர் ஆள். அவன் மற்ற கையாட்களோடு முன்கூட்டியே ரயிலில் மெட்ராசுக்குப் போய்விட்டான். கல்யாண வீட்டாரும் போய்விட்டார்கள். இங்கே சிவதாணுபிள்ளை தனியாக, கோழி கூவுகிறதற்கு முன்னமே அவியலை இறக்கி, இரண்டு பெரிய பித்தளைப் போணிகளில் சுடச்சுட நிறைத்தார். வாட்டிய வாழையிலையால் வாயைக் கட்டினார். மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை அப்பினார். வைக்கோலும் சாக்கும் சுற்றினார். வாடகைக் காரில் ஏற்றித் திருவனந்தபுரம் போகும்போது, பச்சை எண்ணெய் மணம் சாக்கையும் மீறி வந்தது. நல்ல மணம். பயமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மணி நேரம் என்று சொன்ன புண்ணியவான்கள், பிளேன் மேலே போனதிலிருந்து கீழே வந்து தொடுகிற மட்டும்தான் எண்ணியிருந்தார்கள். அதற்கு முன்னால் உள்ள நேரத்தை எண்ண ஒருவனுக்கும் தோன்றவில்லை. முதலில் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். போணிகளை நிறுத்தது போதாதென்று சிவதாணுபிள்ளையையும் ஏறச் சொன்னார்கள். அரிசி மூட்டையா நான் என்று அவருக்கு உடம்பு கூசியது. அப்புறம் எல்லாம் ஆயிற்று, கிளம்ப வேண்டியதுதான் என்றிருக்கையில் யாரோ பெரிய மனுஷன் வர வேண்டும் என்று பிளேனை நிறுத்திவைத்தார்கள். போணிகள் இரண்டும் பிளேனுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில், நல்ல வெயிலில் கிடந்தன.

"சாரே, இதை நிழல்ல எடுத்து வைக்கணும். தின்னுகிற சாமானம்" என்று கேட்டுப் பார்த்தார். அங்கே வேலை பார்க்கிற சட்டைக்காரன் ஒருவன் கையை விரித்துவிட்டுப் போனான். சிவதாணுபிள்ளை தன் குடையை விரித்துப் போணிகளுக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். ஏறப்போகிற துரைமார்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், மூதேவிகள். அவர் தலை கொதித்தது. ஒரு கையால் பித்தளையைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் கொதித்தது.

பெரிய மனுஷன் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் வாடின மாலை, வாயில் புகையிலை. சிவதாணுபிள்ளைக்குப் பக்கத்து இருக்கைதான் அவருக்கு. பெட்ரோல் நாற்றமும் புகையிலை நாற்றமும் சேர்ந்து மூக்கில் அடித்தது. ஒரு பெண்பிள்ளை வந்து காதில் வைக்கப் பஞ்சும், வாயில் போட மிட்டாயும் நீட்டினாள். எல்லாரும் விரலை விட்டு அளைந்த தட்டு. சிவதாணுபிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். பிளேன் மேலே எழும்பியதும் காது இரண்டும் அடைத்து, உள்ளே யாரோ குத்தூசியை விட்டுக் குடைகிறாற்போல வலித்தது. மலைக்கு மேலே போகும்போது பிளேன் ஒரு குலுக்குக் குலுக்கியது. பெரிய மனுஷன் 'ஹோ' என்று குனிந்தார். காகித உறையை எடுக்க நேரமில்லை. பாதி தன் மாலையிலும், மீதி சிவதாணுபிள்ளையின் வேட்டியிலுமாகக் கக்கிவிட்டார். மென்ற வெற்றிலையும் தோசையும். சூடாக.

அதற்கப்புறம் சிவதாணுபிள்ளையால் தாங்க முடியவில்லை. ஐந்து வயசுக்கு மேல் அவர் வாந்தி எடுத்ததில்லை. அன்று எடுத்தார். காகித உறையில் எடுத்து, அதை எங்கே போடுவதென்று தெரியாமல், யாரும் வாங்கிக்கொள்ள வராமல், தன் வாந்தியைத் தானே மடியில் பிடித்துக்கொண்டு வானத்தில் உட்கார்ந்திருந்தார். இதுக்கா ஆசைப்பட்டேன், தூ! இந்த நாற்றத்துக்கு நடுவில்தான், கடைசி இருக்கைக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது சொர்ணத்தின் அவியல். நடுவழியில் ஒரு ஊரில் இறங்கி, அங்கேயும் வெயிலில் நின்று, மறுபடி ஏறியது பிளேன். மெட்ராசில் இறங்கி, காரில் ஏறி, ரயில்வே கேட்டில் நின்று, மாம்பலத்தில் கல்யாண வீடு வந்து சேர்ந்தபோது தாலிகட்டு முடிந்து, இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இசக்கி ஓடி வந்து போணிகளை இறக்கினான். பின்கட்டுக்குக் கொண்டு போய், கை கழுவி வேட்டி மாற்றிக்கொண்டு, சிவதாணுபிள்ளையே மாவைக் கொத்தி மூடியைத் திறந்தார். இலையைக் கிழித்தார். ஆவி வந்தது. அந்த ஆவியில் முதலில் தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. அதன் பின்னாலேயே அது வந்தது. ஈரத்துணியை மூலையில் போட்டு மறந்தால் வருமே, அந்தச் சளித்த வாடை. அகப்பையை விட்டு எடுத்தார். மெல்லிசாக நூல் இழுத்தது.

இசக்கி மூக்கைப் பொத்தவில்லை. பொத்தியிருந்தால்கூடத் தேவலை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, போச்சு. கொண்டு போய்க் கொட்டிரட்டா?" என்றான்.

"கொட்டத்தான் வேணும்" என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் நாராயணபெருமாள் பட்டு வேட்டி சரசரக்க உள்ளே வந்தார். அவருக்கும் வாடை அடித்திருக்க வேண்டும். ஒரு கணம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சிவதாணு, அங்க பந்தி முழுக்க அவியலுக்குத்தான் காத்துட்டு இருக்கு. அவியல் பிளேன்ல வருதுன்னு சம்பந்தக்காரரே எழுந்து நின்னு சொல்லியாச்சு. படம் பிடிக்க ஆளு நிக்கான். இப்ப இல்லேன்னு சொன்னா நான் தூக்குல தொங்கணும்" என்றார்.

"அத்தான், ஊசிப்போச்சு."

"ஊசிப்போனதுன்னு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இவனுகளுக்கு அவியல்னா என்னன்னு தெரியுமா? தயிர ஊத்தும். புளிப்பெல்லாம் தயிரு மேல போயிரும். உம்ம பேரையும் நினைச்சுப் பாரும். ஊருல பறக்கைக்காரன் என்ன சொல்லுவான்?"

சாம்பாரில் ஒரு முடிக்காகக் குட்டுவத்தையே கவிழ்த்த மனுஷன், அப்போதும் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. பேர், பேர் என்று பாழும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இசக்கியிடம் கெட்டித்தயிர் கேட்டார். தேங்காய் எண்ணெய் கேட்டார். கறிவேப்பிலையைக் கை நிறைய உருவிப் போட்டு, அடுப்பில் ஒரு சூடு காட்டினார். இசக்கி எடுத்துக் கொடுத்தான். புரட்டும்போது சிவதாணுபிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டார். தன் சமையலுக்குத் தானே மூக்கைப் பொத்தியது அன்றுதான்.

முதல் பந்தியில் மாப்பிள்ளை, பக்கத்தில் சொர்ணம், அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தகப்பனார், அப்புறம் வரிசையாக அவர்களுடைய ஜனங்கள். எல்லா இலையிலும் மற்ற கறிகள் வைத்தாகிவிட்டது, அவியலுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. சிவதாணுபிள்ளை வாளியோடு வந்ததும் ஒரு சலசலப்பு. "இவர்தான், இவர்தான்! காலைல நாகர்கோவில், இப்ப இங்க!" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முதல்ல வையுங்க. பொண்ணு சாப்பிட்டுச் சொல்லட்டும், அவங்க ஊர் இப்ப தூரமா பக்கமான்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். நாராயணபெருமாள் சுவரோரம் நின்று கையைப் பிசைந்தார். சிவதாணுபிள்ளை குனிந்து சொர்ணம் இலையில் ஒரு அகப்பை வைத்தார். மாப்பிள்ளை இலையில் ஒன்று வைத்தார்.

சொர்ணம் ஒரு துண்டு சேனையை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது. தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். 'மாமா, இது நீங்கதானா' என்று கேட்கிறாற்போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு அவள் விழுங்கினாள்.

மாப்பிள்ளை தன் இலையில் கை வைக்கப் போனான். சொர்ணம் சட்டென்று அவன் இலைக்கு மேலே தன் கையை நீட்டி மறைத்தாள்.

"இருங்கோ. எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. வச்ச மாமா முதல்ல ஒரு வாய் சாப்பிடணும். அதுக்குப் பொறவுதான் மத்தவங்களுக்கு விளம்பணும்."

அப்படி ஒரு வழக்கம் நாஞ்சில் நாட்டில் எந்தக் காலத்திலும் கிடையாது. அது சொர்ணத்துக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பந்திக்குத் தெரியாது. "அடடா, என்ன பிரியம்!" என்று பெண்கள் சொன்னார்கள். படம் பிடிக்கிறவன் கிட்டே வந்தான். சொர்ணம் தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து, கல்யாண மருதாணி சிவந்த கையால் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ மாமா."

அவர் வாயில் போட்டார். புளிப்பில்லை அது. கொழகொழவென்று, பல்லெல்லாம் பூசிக்கொண்டு, தேங்காய் செத்த ருசி. இதையா இந்தப் பிள்ளைக்கு வைத்தேன்! இதை விழுங்கிவிட்டா என்னைப் பார்த்தாள்! துப்பிவிடலாம். அவர் துப்பினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், அவர் ஆயுசே துப்பின ஆயுசுதான். நாராயணபெருமாள் சுவரோரத்திலிருந்து தலையை ஆட்டி ஆட்டி, வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

சிவதாணுபிள்ளை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"கெட்டுப்போச்சு" என்றார். குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "ஊசிப்போன சாமானம். தெரிஞ்சேதான் தயிர ஊத்திக் கொண்டு வந்தேன். யாரும் தொடாண்டாம்."

யாரோ ஒருவர் இலையிலிருந்து கையை எடுத்தார். "அப்பவே சொன்னேனே, ரொம்பத் தூரம்னு" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. நாராயணபெருமாள் வெளியே போய்விட்டார்.

சிவதாணுபிள்ளை வாளியைத் தரையில் வைத்துவிட்டுச் சொர்ணத்தின் எதிரே உட்கார்ந்தார். அவள் கைபட்ட, எச்சில்பட்ட அவியலை வெறுங்கையால் இலையிலிருந்து வழித்து வாளியில் போட்டார். மாப்பிள்ளை இலையிலிருந்ததையும் வழித்துப் போட்டார். எவன் எச்சிலையும் தொட்டறியாத கை அது. ஒரு துண்டு முருங்கைக்காய் இலையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தார். பிறகும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சொர்ணம் செம்புத் தண்ணீரைச் சாய்த்து, அவியல் இருந்த இடத்தைத் துடைத்தாள்.

"மாமா, எழுந்து கையைக் கழுவிட்டு வந்து பருப்பு விளம்புங்கோ. பசிக்கி" என்றாள்.